கிளினிக் நாளுக்கும் பேர் போடுங்கள்

பதுளைப் பெரியாஸ்பத்திரியின் மனநோய் வாட்டில் மூன்று கிழமை இருந்துவிட்டு ஒருவர் தோட்டத்துக்குத் திரும்பினால், லயத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இப்ப சுகமா?" கேட்பதில் அன்பு இருக்கிறது, கொஞ்சம் பயமும் இருக்கிறது. பக்கத்துக் காம்பராவில் சின்னப் பிள்ளைகள், ராத்திரியில் ஏதும் நடந்துவிடுமோ என்ற யோசனை. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது, ஆறுதலாகப் பேச வேண்டிய விஷயம்.

அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த ஆளுக்கும் இவரோடு இருப்பவர்களுக்கும் ஆபத்து இல்லையே என்பது ஒன்று. இவர் பழையபடி மனுசராக நாலு பேரோடு வாழ்வாரா என்பது மற்றது. முதலாவதைப் பாதுகாப்பு என்றும் இரண்டாவதை மீட்சி என்றும் ஆஸ்பத்திரிக்காரர்கள் பிரித்துச் சொல்வார்கள். ஊவா மலைகளில் இரண்டும் ஒரே இடத்தில்தான் அறுந்து போகின்றன. அது எந்த இடம் என்று தெரிந்துகொள்ள வாட்டுக்குள்ளிருந்து தொடங்குவோம்.

பாதுகாப்பு என்றால் பூட்டு என்பதுதான் பழைய எண்ணம். பொரளையில் 1847இல் ஒரு புகலிடம் திறந்தார்கள். 1873இல் அதற்கொரு சட்டம் வந்தது. 1920களில் அங்கொடை ஆஸ்பத்திரி வந்தது. அதன் பிறகு இலங்கையில் மனநோய் என்றாலே அந்த ஊர்ப் பெயர்தான். தோட்டத்திலிருந்து ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால், பார்க்கப் போய்வர ஒரு குடும்பத்துக்கு ரெண்டு நாள் கூலியும் ரயில் காசும் போகும். போகப் போகப் பார்க்கப் போவதே நின்றுவிடும்.

பூட்டின் மறுமுகத்தைத் தமிழ்நாடு பார்த்தது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டி நடந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலை தீப்பிடித்தது. அங்கிருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போட்டவர்களிடம் கேட்டிருந்தால், அவர்களுடைய பாதுகாப்புக்குத்தான் போட்டோம் என்று சொல்லியிருப்பார்கள். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை முற்றாகத் தடை செய்தது.

இலங்கை 2005இல் எழுதிய மனநலக் கொள்கை வேறு வழியைச் சொன்னது. ஆளைத் தூரத்துக்கு அனுப்பாமல் மாவட்டத்துக்கு மாவட்டம் பொது ஆஸ்பத்திரியிலேயே வாட்டு வைப்பது, அங்கிருந்து ஊர்களுக்குக் கிளினிக் கொண்டுபோவது என்பது அதன் சாரம். பதுளையில் மனநோயாளிக்கும் நெஞ்சு வருத்தக்காரருக்கும் ஒரே வாசல் என்பது இதனால்தான் பெரிய விஷயம்.

உள்ளே என்ன நடக்கிறது? வெளியிலிருந்து பார்த்தால் மிஸ்ஸிமார் சும்மா நடந்து திரிவது போலத் தெரியும். அந்த நடைதான் வேலை. உயிராபத்து இருப்பதாக நினைக்கும் நோயாளியை ஒரு தாதி கண்ணைவிட்டு அகலாமல் பார்ப்பார். அதற்கு அடுத்த நிலையில் உள்ளவரைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒருமுறை போய்ப் பார்ப்பார். அதுவும் மணி அடித்த மாதிரி பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போகக்கூடாது, முன்னே பின்னே போக வேண்டும். எப்போது வருவார் என்று தெரிந்தால் இடைவெளியும் தெரிந்துவிடும் அல்லவா? இரவில் போர்வை அசையாமல் கிடந்தால் தூங்குகிறார் என்று எழுதிவிட்டுப் போவது தவறு. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

ஒருவர் சத்தம் போட்டுக் கதிரையைத் தூக்குகிறார் என்றால் எல்லோரும் சூழ்ந்து நிற்பது நிலைமையைக் கெடுக்கும். ஒருவர் மட்டும் பேச வேண்டும், இரண்டு கை தூரம் விட்டு, கதவை மறிக்காமல். மற்ற நோயாளிகளை அப்புறம் கூட்டிப்போக வேண்டும். வேறு வழியில்லாமல் பிடித்து ஊசி போட நேர்ந்தால், முகம் குப்புறப் போட்டு முதுகில் ஏறி அழுத்தக்கூடாது. மூச்சடைத்துப் போன சாவுகள் உலகெங்கும் அப்படித்தான் நடந்திருக்கின்றன. ஊசி போட்டு ஆள் அடங்கியதும் வேலை முடிந்துவிடாது. மூச்சு, நாடி, பிரஷர் மூன்றையும் விடாமல் பார்க்க வேண்டிய நேரமே அதற்குப் பிறகுதான்.

மொழியும் இதில் ஒரு பாதுகாப்பு விஷயம். பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். வாட்டில் கடமை பார்க்கும் தாதியரில் பெரும்பாலோர் சிங்களம் பேசுகிறவர்கள். அம்மாவைக் கூட்டி வந்த பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பள்ளியில் கற்ற சிங்களம் கொஞ்சம் தெரியும் என்று அவனையே நடுவில் நிறுத்துகிறார்கள் என்று வையுங்கள். "செத்துப்போகணும் மாதிரி இருக்கா?" என்ற கேள்வி அம்மாவிடம் போக வேண்டும், பதில் திரும்பி வர வேண்டும். அவன் அதைக் கேட்பானா? கேட்டாலும் அந்தத் தாய் பிள்ளையின் முகத்தைப் பார்த்து உண்மை சொல்வாளா? தமிழ் தெரிந்த ஒரு தாதியோ வேறொரு ஊழியரோ வரும்வரை அந்தக் கேள்வியைக் கேட்டாயிற்று என்று எழுதக்கூடாது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது பயம் மட்டுமே. கேட்டால் பெரும்பாலும் ஆளுக்குப் பாரம் இறங்குகிறது.

சரி, வாட்டு ஒரு மாதிரி புரிந்தது. இனி வீட்டுக்கு வருவோம். பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற அக்கா ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் போய், பேச்சு கூடி, கடன்பட்டுக் கண்டதையும் வாங்கிக் குவித்து, கடைசியில் வாட்டுக்குப் போய் லித்தியம் குளிசையில் தேறி வந்திருக்கிறார். 1949இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் வெளிப்படுத்திய மருந்து இது. விலை குறைவு, நன்றாக வேலை செய்யும். ஆனால் இரத்தத்தில் அதன் அளவு ஒரு குறுகிய வரம்புக்குள் நிற்க வேண்டும். லீற்றருக்கு ஒரு மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மருந்து, ஒன்றரையைத் தாண்டினால் நஞ்சு.

அக்கா மலைக்குப் போகத் தொடங்குகிறார். கூடையின் பாரம் தலையிலும் முதுகிலும் விழுகிறது. இடுப்பு வலி. டிஸ்பென்சரியிலோ டவுன் பாமசியிலோ டைக்ளோபெனாக் குளிசை வாங்கிப் போடுகிறார். அந்த வலிக்குளிசை சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும். போட்டது அதே அளவு லித்தியம்தான், உடம்பில் நிற்பது கூடிப்போகிறது. பிரஷர் கிளினிக்கில் லொசார்ட்டன் கொடுத்தாலும் இதே கதை. அவர்கள் உப்பைக் குறைக்கச் சொல்லி, அக்கா திடீரென்று உப்பில்லாமல் சாப்பிடத் தொடங்கினாலும் இதேதான். வயிற்றோட்டம், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்பது எல்லாம் லித்தியத்தை ஏற்றும். கை நடுக்கம் கூடும், வயிறு குழம்பும், நாக்கு குழறும், நடை தள்ளாடும். "மறுபடி வருத்தம் வந்துட்டு" என்று வீட்டார் நினைப்பார்கள். "குடிச்சிருக்கு போல" என்று வெளியார் நினைப்பார்கள். உண்மையில் அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை அது.

இங்கே யாரும் பிழை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரஷர் கிளினிக் ஒரு புத்தகம், மனநோய்க் கிளினிக் இன்னொரு புத்தகம், பாமசிக்கு எந்தப் புத்தகமும் இல்லை. இரண்டு புத்தகத்தையும் ஒரே பையில் போட்டு எங்கே போனாலும் கொண்டுபோவது, வலிக்குப் பனடோல் போதுமா என்று கேட்பது: அக்காவின் உயிரைக் காப்பது இவ்வளவுதான்.

இன்னொரு வீட்டில் ஒரு தம்பி. வேறெந்த மருந்துக்கும் அடங்காத மனச்சிதைவுக்குக் குளோசபின் எடுக்கிறார். இந்த மருந்தின் கதை 1975இல் பின்லாந்தில் ஏறத்தாழ முடிந்தே போனது. வெள்ளை அணுக்கள் அற்றுப்போய்ச் சிலர் தொற்று நோயால் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்தை ஓரங்கட்டினார்கள். வேறு மருந்துக்குத் தேறாதவர்கள் இதில் தேறுகிறார்கள் என்று 1988இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியதும் மருந்து திரும்ப வந்தது, ஒரு நிபந்தனையோடு: இரத்தம் சோதிக்க வேண்டும். முதல் 18 வாரம் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஒரு வருடம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறை என்பதே நெடுங்கால வழக்கம். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் திகதி பார்க்காமல் அன்றைக்கே சோதிக்க வேண்டும்.

மனநோய் மருந்து எடுப்பவரிடம் மலம் போனதா என்று மிஸ்ஸி ஏன் தினமும் கேட்கிறார் என்று வீட்டார் சிரிப்பார்கள். குளோசபினால் வரும் மலச்சிக்கல் குடலை அடைத்து ஆளையே கொண்டுபோகக்கூடியது. பீடி, சிகரெட் விஷயமும் அப்படித்தான். புகை இந்த மருந்தை ஈரலில் சீக்கிரம் கரைத்துவிடும். வாட்டில் புகை நின்றதும் இரத்தத்தில் மருந்து ஏறும், வீட்டுக்கு வந்து மறுபடி பற்றவைத்தால் இறங்கும். ஆகவே "எத்தனை பீடி?" என்று கேட்கும் தாதி உபதேசம் பண்ணவில்லை, மருந்தின் அளவைக் கணக்குப் பார்க்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: குளோசபின் இரண்டு நாளுக்கு மேல் தவறினால் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கக்கூடாது. இரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடலாம். பன்னிரண்டரை மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூன்று நாள் மூடிக் கிடப்பது மடூல்சீமைக்கும் லுணுகலைக்கும் புதிதல்ல. அந்த மூன்று நாளில் குளிசை முடிந்திருந்தால், நாலாம் நாள் கிடைத்ததை அள்ளிப் போடாமல் கிளினிக்குக்கு ஒரு போன் எடுப்பதுதான் வழி. ஒரு கிழமைக் குளிசையை எப்போதும் கையிருப்பில் வைக்க முடியுமா என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

தினமும் குளிசை போட முடியாதவர்களுக்கு இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு. வசதியானது, ஆனால் ஒரு பொறி இருக்கிறது. லயத்துக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். ஊற்றுக் குழாய் உடைந்த அன்றைக்கே பைப்பில் தண்ணீர் நிற்காது, தாங்கியில் இருப்பது இறங்கிக்கொண்டே இருக்கும். ஊசி தவறினாலும் அப்படித்தான். முதல் கிழமை ஒன்றும் தெரியாது. "ஊசி இல்லாமலே நல்லாத்தானே இருக்கான்" என்று தோன்றும். ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துத் தூக்கம் குறையும், தனியே பேச்சு தொடங்கும். அப்போது ஊசி தவறிய நாளையும் வந்த வருத்தத்தையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. செய்வினை என்று கோடாங்கியிடம் போவார்கள். போகட்டும், குறி கேட்பதில் ஒரு குடும்பத்துக்கு ஆறுதல் கிடைத்தால் அதைப் பறிக்க நான் யார். ஊசியையும் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், அதுபோதும்.

இப்போது உயிராபத்து எப்போது கூட என்பதைப் பார்ப்போம். வாட்டுக்குள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் பல ஆண்டு எடுத்த கணக்குகள், வீட்டுக்கு அனுப்பிய முதல் ஒன்றிரண்டு கிழமைகள்தான் மிகவும் ஆபத்தானவை என்று காட்டுகின்றன. அதனால் 72 மணி நேரத்துக்குள் ஒருவர் போய்ப் பார்க்கவோ பேசவோ வேண்டும் என்பது அங்கே விதி. வாட்டில் சாப்பாடு, தூக்கம், குளிசை எல்லாம் நேரத்துக்கு நடந்தன. வீட்டில் கடன்காரர், சண்டை, வெட்கம் எல்லாம் விட்ட இடத்திலேயே காத்திருக்கின்றன.

தற்கொலையைக் குறைப்பதில் இலங்கை உலகத்துக்கே பாடம் சொன்ன நாடு. 1995இல் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அந்த ஆண்டிலிருந்து படிப்படியாகத் தடை செய்தார்கள். எண்டோசல்பான் 1998இல் போனது, 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் போனது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்றிருந்த சட்டமும் 1998இல் நீங்கியது. விகிதம் மூன்றில் ஒரு பங்கை நோக்கி இறங்கியது. அந்தக் கண நேர உந்துதல் கடந்துபோகும்வரை ஆபத்து எட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதே இதன் பொருள். வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரரும் சரி, லயத்துக்காரரும் சரி, ஆள் வீடு திரும்புமுன் பூச்சிமருந்துப் போத்தல்களை வேறு வீட்டில் பூட்டி வைக்க வேண்டும். ஆளின் குளிசையையும் ஒரு கிழமைக்குரியது தவிர மற்றதை இன்னொருவர் கையில் வைக்க வேண்டும்.

தொடர்ந்து விசாரிப்பது உண்மையிலேயே உயிர் காக்குமா? உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் சோதித்துப் பார்த்தது. அதில் சென்னையும் கொழும்பும் இருந்தன. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம். மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ விசாரிப்பு. 2008இல் முடிவு வந்தது: முதல் பாதியில் தற்கொலையால் இறந்தவர்கள் நூற்றுக்கு 2.2, மறு பாதியில் 0.2. புது மருந்தில்லை, பெரிய மெஷின் இல்லை. "எப்படி இருக்கீங்க, கிளினிக்குக்கு வந்தீங்களா?" என்று ஒன்பது தடவை கேட்டார்கள்.

மீட்சி பற்றிச் சொல்லாமல் கோப்பையைக் கீழே வைக்க முடியாது. நோய் முழுதாகப் போவது ஒன்று, நோய் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே ஒரு வாழ்க்கை அமைவது இன்னொன்று. அமெரிக்கர் வில்லியம் அந்தனி 1993இல் இதை எழுதி உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு ஒன்பது வருடம் முன்பே, 1984இல், சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கி மனச்சிதைவு உள்ளவர்களுக்குத் தொழிற்பயிற்சியும் வேலையும் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் இதற்கு அளவுகோல் வெளியே தேட வேண்டியதில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் போய் நின்று, கணக்கப்பிள்ளை பேர் எழுதிக்கொண்டால் அந்த ஆள் தோட்டத்தில் ஒருவர். முழுக் கிலோ எடுத்தால் முழுப் பேர், அதாவது முழுநாள் கூலி, முடியாவிட்டால் அரைப் பேர். தேறி வருகிறவருக்கு முதல் சில மாதம் அரைப் பேராவது கிடைக்கும்படி, நித்திரைக் குளிசை தெளிந்த பிறகு தொடங்கும்படி ஒரு கங்காணி ஏற்பாடு செய்தால், அது எந்த வாட்டாலும் கொடுக்க முடியாத சிகிச்சை.

இப்போது அறுந்துபோகிற இடத்துக்கு வந்துவிட்டோம். லித்தியத்துக்கு இரத்தம், குளோசபினுக்கு இரத்தம், ஊசிக்குத் திகதி, எல்லாவற்றுக்கும் பதுளைக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். விடிய முன் பஸ், வரிசை, பாமசி வரிசை, திரும்பும்போது பின்னேரம். அன்றைக்குப் பேர் விழாது. துணைக்குப் போனவருக்கும் விழாது. ஒரு வீட்டில் ரெண்டு பேர்க் கூலியும் பஸ் காசும் போகிற நாள் அது. உடம்பு நன்றாக இருக்கும்போது அந்த நாளைத்தான் முதலில் விடுவார்கள். கவனயீனம் என்று திட்டுவது சுலபம், கணக்குப் பார்த்தால் எவரும் செய்யக்கூடியது.

செய்யக்கூடியவை சிறியவை. மறுபடி வருத்தம் வரும்போது முதலில் என்ன தெரியும் என்பதை, தூக்கமா, பேச்சா, சாப்பாடா என்று ஆளையே கேட்டுக் கிளினிக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மனசு உடைந்து பேச ஆள் வேண்டுமானால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். உயிராபத்து என்றால் 1990 அம்பியூலன்ஸ், காசில்லை. மாகாண சுகாதாரத் துறை ஊசியையும் இரத்தம் எடுப்பதையும் மாதத்தில் ஒருநாள் தோட்ட டிஸ்பென்சரிக்கே கொண்டுவரலாம். சமூக மனநலத் தாதியர் இருப்பதே இப்படிப்பட்ட வேலைக்குத்தான்.

அதுவரைக்கும் ஒரு காரியத்துக்குக் கட்டிடமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கத் தலைவர்கள் கையில் ஒரு வரி எழுதிக்கொண்டு போகட்டும்: கிளினிக் புத்தகத்தில் அன்றைய திகதியும் கையெழுத்தும் இருந்தால், அந்தத் தொழிலாளிக்கும் துணைக்குப் போனவருக்கும் அன்றைக்குப் பேர் உண்டு.